கல்லில் மோதும் நுரை மெல்ல மெல்லவா அழியும்? குறுந்தொகை 290 பற்றி ஒரு கேள்வி

கேட்டவர்: காசிமேட்டுக்காரி

எல்லாருக்கும் வணக்கம். தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. தமிழ் படிக்கிறேன். வீடு காசிமேடு. விடியற்காலையில் அம்மாவோடு ஏலத்துக்குப் போய், எடுத்த மீனை ஐஸ் போட்டு மார்க்கெட்டில் இறக்கிவிட்டு வந்த பிறகுதான் புத்தகத்தைத் திறக்க முடியும். பக்கத்தில் கேட்க ஆள் இல்லாததால் இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கவிதையை எடுத்துக்கொண்டு, அதில் உவமையும் சொற்களும் எப்படி வேலை செய்கின்றன என்று கட்டுரை எழுதித் தர வேண்டும். நான் எடுத்தது கல்பொரு சிறுநுரையார் பாடிய இந்தப் பாட்டு:

காமம் தாங்குமதி என்போர் தாம் அஃது
அறியலர் கொல்லோ அனை மதுகையர் கொல்
யாம் எம் காதலர்க் காணேம் ஆயின்
செறிதுனி பெருகிய நெஞ்சமொடு பெருநீர்க்
கல்பொரு சிறுநுரை போல
மெல்ல மெல்ல இல்லாகுதுமே

பிரிந்திருக்கிற தலைவி தோழியிடம் சொல்கிறாள். நான் புரிந்துகொண்ட அளவில்: காமத்தைத் தாங்கிக்கொள் என்று சொல்கிறவர்களுக்கு அது என்னவென்றே தெரியாதோ? இல்லை, அவ்வளவு பலசாலிகளோ? நான் என் காதலரைப் பார்க்கவில்லை என்றால், துயரம் அடர்ந்து பெருகின நெஞ்சோடு, பெருநீரில் கல்லோடு மோதுகிற சின்ன நுரை மாதிரி மெல்ல மெல்ல இல்லாமல் போய்விடுவேன்.

இதுவரைக்கும் சரி. கடையில் வாங்கின கைடில், நுரை கல்லில் பட்டவுடன் ஒரு நொடியில் அழிந்துவிடும், அதுபோலத் தலைவியின் உயிரும் போய்விடும், ஆகவே இது நிலையாமையைச் சொல்லும் உவமை என்று போட்டிருக்கிறது. கூடப் படிக்கிறவர்கள் எல்லாரும் அதையே எழுதப்போகிறார்கள். பாட்டில் நொடி எங்கே இருக்கிறது? புலவர் ‘மெல்ல மெல்ல’ என்று இரண்டு தடவை சொல்கிறார். ஒரு தடவை சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, கைடுக்காரருக்குக் கண்ணில் படவில்லை என்று விட்டுவிடலாம்.

எனக்கு இதில் பிடிவாதம் வரக் காரணம் இருக்கிறது. எங்கள் தெருமுனையில் ரோட்டைத் தாண்டினால் கடல். மணல் கிடையாது, கல்தான். அலை உள்ளே வராமல் இருக்கக் கொட்டிய பெரிய பெரிய கருங்கல். சாயங்காலம் அங்கே உட்கார்ந்துதான் படிப்பேன். அலை வந்து அடித்ததும் வெள்ளையாக ஒன்று மேலே எகிறுகிறதே, அது உண்மையிலேயே நொடியில் போய்விடும். ஆனால் தண்ணீர் பின்வாங்கின பிறகு கல் இடுக்கில் கொஞ்சம் நுரை தங்கும். கல்லின் மேல் சின்னக் குழி இருந்தால் அதிலும் உள்ளங்கை அளவு தங்கும். அது லேசில் போகாது. முதலில் ஓரம் கரைகிறது. நடுவில் இரண்டு குமிழி சேர்ந்து ஒரு பெரிய குமிழி ஆகிறது, அது உடைந்ததும் அந்த இடம் பள்ளமாகிறது. உயரம் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் கல்லின்மேல் வெள்ளைக் கோடு மாதிரி ஒன்று நிற்கும். அப்புறம் அதுவும் இருக்காது. சில சமயம் அது முடிவதற்குள் அடுத்த அலை வந்து அள்ளிக்கொண்டு போய்விடும்.

என் கேள்வி: புலவர் சொல்கிற நுரை இந்த இரண்டில் எது? எகிறுவதா, தங்குவதா? ‘சிறுநுரை’ என்பதில் அந்தச் ‘சிறு’ எதற்கு? ‘கல்பொரு’ என்பதை ‘கல்லில் மோதும்’ என்று எழுதினால் போதுமா, இல்லை ‘பொரு’ என்பதில் வேறு ஏதாவது இருக்கிறதா? நான் ஏதோ கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு பாட்டில் இல்லாததை எல்லாம் பார்க்கிறேன் என்றால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

பதில்: பெரம்பூர் வாத்தியார்

நல்ல கேள்வி அம்மா. ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். இந்தப் பாட்டைப் பல வருடம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். பாட்டில் இல்லாததை நீ பார்க்கவில்லை, கைடுதான் பாட்டில் இருப்பதைப் பார்க்கவில்லை.

முதலில் ‘பொரு’. பொருதல் என்றால் போரிடுதல். ‘போர்’ என்ற சொல்லுக்கும் அதுதான் வேர். கடலோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லாத ஒரு துளி நுரை கல்லோடு சண்டைக்குப் போகிறது. ‘கல்லில் பட்ட நுரை’ என்று சொல்லியிருந்தால் நுரை சும்மா பலியாகிறது என்று ஆகிவிடும். ‘பொரு’ என்றதால் தலைவி தாங்கப் பார்த்திருக்கிறாள், எதிர்த்து நின்றிருக்கிறாள் என்பது உள்ளே வந்துவிடுகிறது. தோழி சொன்னதை அவள் செய்யாமல் இல்லை. செய்துகொண்டுதான் இருக்கிறாள், அதிலேயேதான் தேய்கிறாள்.

‘சிறு’ என்பதைத் தனியாகப் பார்க்காதே. நான்காம் அடியைப் பார்: செறிதுனி *பெருகிய* நெஞ்சமொடு *பெருநீர்*. துயரும் பெரிது, நீரும் பெரிது, இரண்டும் ஒரே அடியில் நிற்கின்றன. அடுத்த அடியில் ‘சிறுநுரை’. பெருக்கத்தை எல்லாம் வெளியில் இருப்பதற்குக் கொடுத்துவிட்டுத் தனக்குச் ‘சிறு’வை மட்டும் வைத்துக்கொள்கிறாள்.

‘துனி’யைத் துயரம் என்று மட்டும் எழுதி நகராதே. புலவி, ஊடல், துனி என்று வரிசை உண்டு. அளவு மீறி நீண்டுபோன பிணக்கு துனி. ‘துனியும் புலவியும் இல்லாயின் காமம் கனியும் கருக்காயும் அற்று’ என்ற குறளில் (1306) துனி கனிக்கும் புலவி கருக்காய்க்கும் நிரல்நிறையாக, அதாவது சொன்ன வரிசைப்படியே பொருந்தி, வருகிறது, தேடிப் படி. இந்தப் பாட்டில் அதோடு ‘செறி’ வேறு சேர்கிறது. சினமும் சோகமும் இறுகிப்போன நிலை. நெஞ்சில் இருப்பது அவ்வளவு கெட்டியானது, உடம்பு நுரை என்கிறாள். இந்த முரணைப் பிடித்தால் ஒரு பக்கம் தாராளமாக எழுதலாம்.

இனி ஓசை. மூலத்தில் உள்ளபடி சீர் பிரித்தால் கடைசி இரண்டு அடிகள் இப்படி:

கல்பொரு / சிறுநுரை / போல
மெல்ல / மெல்ல / இல்லா / குதுமே

ஈற்றுக்கு முந்தைய அடியில் மூன்று சீர்தான். ஆனால் இதைப் புலவரின் தனிச் சாமர்த்தியம் என்று எழுதி மாட்டிக்கொள்ளாதே. நேரிசை ஆசிரியப்பாவில் ஈற்றயலடி முச்சீராக வர வேண்டும் என்பது விதி. அந்த விதி கொடுத்த குறுகிய அடியில் நுரையைக் கொண்டுவந்து வைத்ததுதான் புலவர் வேலை. கடைசி அடி தேமா, தேமா, தேமா, புளிமா. எல்லாம் ஈரசை, எல்லாம் சின்ன அடி எடுத்து வைக்கிற நடை. ‘இல்லாகுதுமே’ என்ற ஒரே சொல்லும் சீர் பிரிவதால் நடுவில் உடைகிறது. எதுகையையும் கவனி: கல், மெல், இல். கல்லில் தொடங்கி இல்லில் முடிகிறது. வாய்விட்டுப் படித்தால்தான் இது தெரியும், கண்ணால் படித்தால் தெரியாது.

உ.வே.சா. உரையோடு 1937இல் வந்த பதிப்பு நூலகத்தில் கிடைக்கும், பார். பெருநீர் என்பதற்குக் கடல் என்று சொல்வதும் உண்டு, வெள்ளம் என்று சொல்வதும் உண்டு. நெய்தல் திணை என்பதால் நான் கடல் என்றே நடத்தினேன்.

எந்த நுரை என்ற கேள்விக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. பெரம்பூரில் எங்கே கல், எங்கே நுரை. ரயில் பெட்டித் தொழிற்சாலைச் சங்கைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

பதில்: விசைப்படகு

தங்கச்சி, நான் புலவன் கிடையாது. பள்ளிக்கூடத்தில் தமிழில்தான் மார்க் வாங்கினேன், அந்த ருசியில் இங்கே வந்து படிக்கிறேன். காசிமேட்டில் மீன்பிடி போட்டு ஓட்டினவன், இப்போது ஓட்டுவதில்லை. நுரை விஷயம் மட்டும் சொல்கிறேன்.

நீ சொன்ன இரண்டில், மேலே எகிறுவது நுரையே இல்லை. அது தண்ணி. அலை உடையும்போது தெறிக்கிற திவலை. வெள்ளையாகத் தெரிவதால் நுரை என்று நினைக்கிறோம். நுரை என்பது தண்ணிமேல் மிதந்து வருவது. அது கல்லுக்கு வருவதற்கு முன்னாடியே நுரைதான்.

உன் இரண்டோடு மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. அதை நீ கரையில் உட்கார்ந்து பார்க்க முடியாது, தண்ணியிலிருந்து கல்லைப் பார்த்தால்தான் தெரியும். துறைமுகத்துக்குள் போட்டைக் கட்டிப்போட்டுவிட்டு, டீசலுக்கோ ஐஸுக்கோ காத்துக்கொண்டு இருக்கும்போது பார்த்திருக்கிறேன். ஒரு தட்டு அகலத்துக்கு நுரை மிதந்து போய்க் கல்லில் இடிக்கும். உடைந்து போய்விடாது. ஓரத்தில் கொஞ்சத்தைக் கல்லிடம் விட்டுவிட்டு, தண்ணி பின்னால் வரும்போது கூடவே வரும். திரும்பவும் போகும், இடிக்கும், இன்னும் கொஞ்சம் குறையும். இப்படியே போய் வந்து, போய் வந்து, பார்த்துக்கொண்டே இருக்கும்போது காணாமல் போகும். எந்த அடியில் போனது என்று சொல்லவே முடியாது. ‘கல்பொரு’, ‘மெல்ல மெல்ல’ இரண்டுக்கும் சேர்த்து எனக்கு இதுதான் பொருந்துகிறது. சண்டை என்று வாத்தியார் சொன்னாரே, சண்டை என்றால் ஒரே அடியோடு முடிவதா?

நுரை எவ்வளவு நேரம் நிற்கும் என்பது தண்ணியைப் பொறுத்தது. தண்ணி தெளிவாக இருக்கும் நாளில் நுரை வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. மழைக்காலத்தில் கொசஸ்தலை ஆறு எண்ணூர் முகத்துவாரம் வழியாகவும் கூவம் தெற்கேயும் கலக்கி விடும்போது, அழுகின செடி, பாசி, நம்ம ஊர் சோப்புத் தண்ணி எல்லாம் சேர்ந்து நுரை கெட்டியாக நிற்கும். அதனால் இப்போது நீ பார்க்கிற நுரை புலவர் பார்த்த நுரையைவிடக் கொஞ்சம் ஆயுசு அதிகம் உள்ளதாகத்தான் இருக்கும். கட்டுரையில் சாயங்காலம் பார்த்ததை எழுதுவதாக இருந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்.

கல்லும் அப்படித்தான். நம்ம பக்கம் கடற்கரையில் இயற்கையான பாறை ஏது? தெற்கே துறைமுகம் கட்டினதால் வடக்கே ஓடிவருகிற மணல் அங்கேயே நின்றுவிட்டது. மெரினா அகலமானது, ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கரை அரித்தது. அதற்குத்தான் குவாரிக் கல்லைக் கொண்டுவந்து கொட்டினார்கள், தூண்டில் வளைவும் போட்டார்கள். அது வேறு கதை, கோபம் வரும், விடு.

இன்னொன்று. பெருநீர் கடலா வெள்ளமா என்று வாத்தியார் சொன்னது எனக்குச் சிரிப்பு. கடலுக்குப் போகிறவனுக்கு நீரோட்டமே வெள்ளம்தான். தெற்கேயிருந்து வடக்கே ஓடினால் தெண்டி வெள்ளம், வடக்கேயிருந்து வந்தால் வன்னி வெள்ளம். எங்களுக்கு இரண்டும் ஒன்று.

பதில்: பழைய வண்ணாரப்பேட்டை

அண்ணன் சொன்ன மூன்றாவது நுரை பிரமாதம். ஆனால் எல்லாரும் கடலிலேயே நிற்கிறீர்கள். கொஞ்சம் ஆற்றுப் பக்கம் வாருங்கள்.

புறநானூறு 192, யாதும் ஊரே. அதில் ‘ஆனாது கல்பொருது இரங்கும் மல்லல் பேர்யாற்று நீர்வழிப் படூஉம் புணைபோல்’ என்று வருகிறது. அதே ‘கல்’, அதே ‘பொரு’. அங்கே பெருநீர் ஆறு, ஓயாமல் கல்லோடு மோதி ஒலிக்கிற ஆறு. அப்படியானால் இந்தக் குறுந்தொகைப் பாட்டிலும் ஆற்று வெள்ளமாக இருக்கலாம் இல்லையா? நெய்தல் திணை என்பதால் கடல் என்று வாத்தியார் சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நெய்தலின் உரிப்பொருள், அதாவது அந்தத் திணைக்கு உரிய உணர்வு, இரங்கல். தலைவி இரங்கினாலே நெய்தல் ஆகிவிடும், கடல் வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாட்டில் உப்பு உண்டா, மீன் உண்டா, புன்னை உண்டா? ஒன்றும் இல்லை.

இரண்டு பாட்டையும் பக்கத்தில் வைத்தால் இன்னொன்று தெரியும். கணியன் பூங்குன்றனார் புணையைச் சொல்கிறார். அது கட்டை, தண்ணீர் போன வழியில் போய்க்கொண்டே இருக்கும், கல்லில் இடித்தாலும் கட்டையாகவே இருக்கும். தோழி கேட்பது அந்த மாதிரி இரு என்றுதான். இவள் நான் கட்டை இல்லை, அதே தண்ணீரில் இருக்கிற நுரை என்கிறாள். இது என் கற்பனை, ஒரு புலவர் மற்றவருக்குப் பதில் சொன்னார் என்று எழுதிவிடாதீர்கள். யார் முன்னால் யார் பின்னால் என்று பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல், ஒரே சொல் இரண்டு இடத்தில் எப்படி வேறு வேறு வேலை செய்கிறது என்று காட்டலாம்.

ஆற்றில் ‘இரங்கும்’ என்று ஓசை இருக்கிறது. இவள் பாட்டில் ஓசையே இல்லை. அவ்வளவு பெரிய நீர் கல்லில் மோதுகிறது, சத்தத்தைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது.

ஒரு எச்சரிக்கையும். ‘யாம்’, ‘இல்லாகுதும்’ என்று பன்மையில் வருகிறதே, தலைவி தன் நெஞ்சையும் சேர்த்துச் சொல்கிறாள் என்று சிலர் நீட்டி முழக்குவார்கள். சங்கப் பாட்டில் தலைவி தன்னை யாம் என்று சொல்வது சர்வ சாதாரணம். அதில் மாட்டாதீர்கள்.

பதில்: காசிமேட்டுக்காரி

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. விசைப்படகு அண்ணே, நீங்கள் சொன்னதைப் பார்க்கவே மீன்பிடித் துறைமுகத்துக்குள் போனேன். ஏலக் கூடத்துக்குப் பின்னாடி, போட்டுகள் நெருக்கிக் கட்டியிருக்கிற இடத்தில் டீசல் படலம்தான் மிதக்கிறது. வெளிப்பக்கக் கல்லுக்கு வந்த பிறகுதான் கண்டேன். போகிறது, இடிக்கிறது, திரும்புகிறது. நீங்கள் சொன்ன மாதிரியே எப்போது முடிந்தது என்று பிடிக்க முடியவில்லை.

அங்கிருந்துதான் எனக்கு ஒன்று தோன்றியது. எப்போது முடிந்தது என்று பார்க்கிற எனக்கே தெரியவில்லை என்றால், தோழிக்கும் தெரியாது. அவள் தினமும் தலைவியைப் பார்க்கிறாள். நேற்று இருந்தவள் இன்றைக்கும் இருக்கிறாள், பேசுகிறாள், நிற்கிறாள். அதனால்தான் ‘தாங்கிக்கொள்’ என்று சுலபமாகச் சொல்ல வருகிறது. தலைவி நொடியில் செத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தால் தோழி பயந்து தலைவனுக்கு ஆள் அனுப்பியிருப்பாள். ‘மெல்ல மெல்ல’ என்கிறபோது, நான் தாங்குகிறேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாயே, அதுதான் நான் அழிகிற விதம் என்று சொல்கிற மாதிரி கேட்கிறது. முதல் அடியில் இருக்கிற ‘தாங்குமதி’க்குக் கடைசி அடி நேரான பதில். கட்டுரையை இதை வைத்துத்தான் கட்டப்போகிறேன்.

இன்னொன்று அம்மா சொன்னது. ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம் பாட்டைப் படித்து அர்த்தம் சொன்னேன். ‘என்போர்’ என்றால் ‘என்று சொல்கிறவர்கள்’, அது யாராக இருக்கும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அம்மா திரும்பிப் பார்க்காமலே, “எதிர்ல நிக்கிறவளத்தாண்டி சொல்றா. ஜாடை பேசறா” என்றாள். அப்படித்தானே? சொன்னது தோழி ஒருத்தி, எதிரில்தான் இருக்கிறாள். ‘உனக்குத் தெரியாதா’ என்று கேட்காமல் ‘சொல்றவங்களுக்குத் தெரியாதோ, இல்ல அவ்ளோ பெரிய ஆளுங்களோ’ என்று ஊரைச் சொல்கிற மாதிரி அவளைச் சொல்கிறாள். இரண்டு ‘கொல்’லும் சந்தேகம் கேட்கிற மாதிரி வந்து குத்துகின்றன. முதல் இரண்டு அடியில் இவ்வளவு வாய் பேசுகிறவள் கடைசியில் நுரை என்கிறாள் என்பதுதான் எனக்குப் பாவமாக இருக்கிறது. குழாயடியில் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குள் வந்து அழுகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

வண்ணாரப்பேட்டைத் தோழரே, ஆறு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆற்று வெள்ளத்தில் நுரை ஒரு கல்லில் இடித்துவிட்டு அடித்துக்கொண்டு போய்விடாதா? அதே கல்லுக்கு எப்படித் திரும்பி வரும்? திரும்பி வருவது கடலில்தானே நடக்கும்? சத்தமே இல்லை என்று நீங்கள் சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வாத்தியார் ஐயா, கடைசியாக ஒன்று. பெருநீர் என்பதற்கு இரண்டு பொருளையும் எழுதினால் மார்க் குறைப்பார்களா? ஒன்றைத்தான் எழுத வேண்டுமா?

பதில்: பெரம்பூர் வாத்தியார்

இரண்டையும் எழுது. எழுதிவிட்டு நீ எதை எடுத்துக்கொள்கிறாய், ஏன் எடுத்துக்கொள்கிறாய் என்று ஒரு பத்தி சேர். மேலே தம்பியிடம் கேட்டாயே, ஆற்று நுரை எப்படித் திரும்பி வரும் என்று, அந்தக் கேள்வியையே காரணமாக வை. திருத்துகிறவர் கடலைப் பார்த்தவராக இருந்தால் மார்க் குறைக்க மாட்டார்.

தம்பி சொன்னது எனக்கும் உறைத்தது. நெய்தல் என்றாலே கடல் என்று இத்தனை நாள் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். உன் காரணம் என் காரணத்தைவிட நல்ல காரணம்.

ஆசிரியர் பெயரைப் பற்றியும் நான்கு வரி எழுது. இவருடைய சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை, பாட்டில் உள்ள தொடரே பெயராகிவிட்டது. செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார் எல்லாரும் குறுந்தொகையில் இதே வகை. தொகுத்தவர்களுக்கு இந்தப் பாட்டில் எது மனத்தில் நின்றது என்பதற்கு அதுவே சாட்சி.

கைடைத் திட்டி ஒரு பக்கத்தை வீணாக்காதே. அம்மா சொன்ன ஜாடைப் பேச்சை மட்டும் விட்டுவிடாதே. ‘என்போர்’ பற்றிய பத்தியை அதிலேயே ஆரம்பி. வீட்டில் அம்மா சொன்னது என்று எழுதத் தயங்கினால், முன்னிலையில் நிற்பவளைப் படர்க்கையாக்கிச் சொல்வது என்று எழுது, இரண்டும் ஒன்றுதான்.